அருளாளன் அளித்த தொட்டில்கள்

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில், தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் புறப்படும் பேருந்துகளுக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தைச் சற்றே உற்று நோக்குங்கள். ஒரு தாய் கைக்குழந்தையைச் சேலை முந்தானைக்குள் அணைத்திருப்பாள். மற்றொருத்தி துப்பட்டிக்குள் பிள்ளையைப் பொதிந்து வெயிலை மறைத்திருப்பாள். துணியைத் தோளில் முடிந்து, அதில் மழலையைத் தொங்கவிட்டபடி நடந்து செல்லும் ஏழைத் தாயையும் அங்கே காணலாம். மனிதத் தாய்க்கு இறைவன் உடலோடு ஒட்டிய பை எதையும் கொடுக்கவில்லை. ஆனால் துணியைப் பையாக்கும் அறிவையும், அப்பையைத் தன் நெஞ்சோடு சேர்க்கும் அன்பையும் கொடுத்தான்.

வாசக நேயர்களே! பிள்ளைகளைச் சுமக்கவும் காக்கவும் வல்ல அல்லாஹ் தன் படைப்பினங்களுக்கு எத்தனை எத்தனை விதமான தொட்டில்களை வழங்கியிருக்கின்றான் என்பதைச் சிறிது சிந்திப்போமா? அந்தச் சிந்தனை வியப்போடு நின்றுவிடாது. குறைமாதத்தில் பிறந்த நம் வீட்டுப் பச்சிளம் பிள்ளையின் உயிரைக் காக்கும் வழியும் அதிலிருந்து நமக்குக் கிடைக்கும்.

காலடியில் ஒரு பாடம்

பைகளைத் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. வைகைக் கரையிலும் வயல் வரப்பிலும் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தியைப் பாருங்கள். இது வலை பின்னிக் காத்திருப்பதில்லை. ஓடி இரை பிடிக்கும் இனம். முட்டையிட்டதும் தன் பட்டு நூலாலேயே ஓர் உருண்டைப் பை நெய்து, முட்டைகளை அதனுள் பொதிந்து, வயிற்றின் பின்முனையில் ஒட்டிக்கொள்கிறது. எங்கு ஓடினாலும் பையும் உடன் செல்கிறது. பிரான்சு நாட்டு இயற்கையறிஞர் ஃபாபர் அந்தப் பையைப் பிடுங்கிக்கொண்டு அதே அளவில் தேய்த்த தக்கைத் துண்டை வைத்தபோது, தாய்ச் சிலந்தி அதையும் தன் பிள்ளைப் பையென்று நம்பி இழுத்துச் சென்றதாம். குஞ்சுகள் வெளிவர வேண்டிய வேளையில் தாயே பையைக் கிழித்துவிடுகிறது. வெளிவந்த குஞ்சுகள் தாயின் முதுகின்மேல் ஏறிச் சில நாட்கள் சவாரி செய்கின்றன.

நாம் கண்டதும் செருப்பைத் தேடும் தேளும் அப்படித்தான். அது முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுகிறது. வெண்ணிறமாய், மென்மையாய்ப் பிறக்கும் குட்டிகள் முதல் தோலை உரிக்கும் வரையில் தாயின் முதுகில்தான் வாழும். கொடுக்கு உடைய உயிரின் முதுகும் பிள்ளைக்குப் பஞ்சணையாக இருக்கிறது!

மாடக்குளம், வண்டியூர் போன்ற கண்மாய்களிலும் வைகையின் தேங்கிய நீரிலும் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டையை நீங்கள் அறிவீர்கள். இது நம் நாட்டு மீனன்று. ஆப்பிரிக்காவின் தென்கிழக்கைச் சேர்ந்த இம்மீன் 1952-ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்டது. இன்று பல குளங்களில் நாட்டு மீன்களை நெருக்கித் தள்ளும் அளவுக்கு இது பெருகிவிட்டது. அப்பெருக்கத்தின் இரகசியங்களுள் ஒன்று இதன் வாயில் இருக்கிறது. பெண்மீன் முட்டைகளை இட்டதும் அவற்றைத் தன் வாய்க்குள் அள்ளி வைத்துக்கொள்கிறது. அங்கேயே முட்டைகள் பொரிகின்றன. அந்நாட்களில் தாய் ஏறத்தாழப் பட்டினியே கிடக்கிறது. நீந்தப் பழகிய பின்னரும், நிழலசைந்தால் போதும், குஞ்சுகள் விரைந்து வந்து தாயின் வாய்க்குள் புகுந்துகொள்ளும். உண்பதற்கென்று அமைந்த வாயே உயிர் காக்கும் பையாகிவிடுகிறது.

நாகமலையின் இரவுப் பயணிகள்

ஆரப்பாளையத்திலிருந்து மேற்கே சென்றால் நாகமலையின் நீண்ட முதுகு தெரியும். அதன் அடிவாரத்தில்தான் மதுரைக் காமராசர் பல்கலைக்கழகம் உள்ளது. பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும், ஜி. மாரிமுத்துவும் இப்பகுதிக் குகைகளில் வாழும் வௌவால்களை ஆராய்ந்து உலக அறிவியலாரிடையே மதுரைக்குப் பெயர் தேடித் தந்தனர். சூரிய வெளிச்சம் எட்டாத குகைக்குள் தொங்கும் வௌவால், வெளியே அந்தி சாய்ந்ததை எப்படி அறிகிறது என்பது அவர்கள் ஆராய்ந்த கேள்விகளுள் ஒன்று.

அந்த வௌவாலின் தாய்மையும் வியப்புக்குரியது. பறந்தபடியே பிள்ளை சுமக்க வேண்டிய கடமை அதற்கு. தலைகீழாய்த் தொங்கும் தாய்க்குக் குட்டி பிறக்கும்போது அது கீழே விழுந்துவிடாதா? பல வௌவால் இனங்களில், தாய் தன் பின்னங்கால்களுக்கு இடையே உள்ள தோற்சவ்வை மடித்துப் பைபோல ஏந்துகிறது. குட்டி அதில்தான் வந்து விழுகிறது. பூச்சியுண்ணும் சில குகை வௌவால்களில் மார்பில் உள்ள பால்காம்புகளைத் தவிர, அடிவயிற்றின் கீழே பால் சுரக்காத இரண்டு காம்புகளும் உண்டு. அவை எதற்கு? தாய் பறக்கும்போது குட்டி வாயால் கவ்விப் பற்றிக்கொள்ளும் பிடிகளாக அவை உதவுகின்றன. பயணத்துக்கு வேண்டிய பிடியையும் உடலிலேயே வைத்துப் படைத்தவனின் திட்டத்தை என்னென்பது!

தந்தை சுமக்கும் பை

சுமக்கும் கடமை தாய்க்கு மட்டும் உரியதென்று எண்ணுவோர், இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்துக்கு வரவேண்டும். கீழக்கரை, மண்டபம், தொண்டி எனத் தொடரும் அக்கரையை அடுத்த மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும், கடற்புற்களிடையே வாலைச் சுற்றி நிமிர்ந்து நிற்கும் சிறிய மீனொன்று உண்டு. குதிரை முகம் கொண்ட அதைக் கடற்குதிரை என்கிறோம்.

கடற்குதிரையில் பை ஆணுக்குத்தான்! பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் இட்டுவிட்டு விலகுகிறது. பையின் உட்சுவரில் இரத்தக் குழாய்கள் நிறைந்துள்ளன. வளரும் கருக்களுக்கு மூச்சுக்காற்று அவ்வழியே கிடைக்கிறது. பைக்குள் உள்ள நீரின் உப்பும் தொடக்கத்தில் உடல்நீரை ஒத்திருந்து, பிறப்பு நெருங்க நெருங்கக் கடல்நீரை ஒத்ததாக மாறுகிறது. வெளியுலகின் உப்புக்கு உள்ளேயே பிள்ளை பழக்கப்படுத்தப்படுகிறது. இரண்டு முதல் நான்கு வாரங்களில் ஆண் உடலை வளைத்து வளைத்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளை வெளியேற்றுகிறது.

சீன மருந்துக்கென்று இவற்றை உலர்த்தி விற்கும் வாணிபம் தமிழகக் கரையிலும் ஒரு காலத்தில் நடந்தது. 2001-ஆம் ஆண்டு இந்திய அரசு கடற்குதிரைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். பிள்ளை சுமக்கும் ஒரு தந்தையைக் கொன்றால், அதனோடு நூறு உயிர்களும் அழிகின்றன அன்றோ?

கங்காருவின் மடி

பை என்றதும் நம் நினைவுக்கு வருவது கங்காரு. வயிற்றுப்பை கொண்ட பாலூட்டிகளில் முன்னூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவை ஆஸ்திரேலியாவிலும் நியூகினித் தீவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் வாழ்கின்றன. நம் நாட்டுக் காடுகளில் இவ்வினம் இல்லை.

செங்கங்காருவின் கருக்காலம் வெறும் 33 நாட்கள். பிறக்கும் குட்டியின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. ஏறத்தாழ ஓர் அங்குல நீளம், கண் திறவாது, காது கேளாது, பின்னங்கால்கள் மொட்டுகளாகவே இருக்கும். ஆயினும், யாரும் தூக்கி விடாமலேயே, முன்னங்கைகளால் தாயின் உரோமத்தைப் பற்றி ஊர்ந்து ஊர்ந்து சில நிமிடங்களில் பைக்குள் சென்று சேர்கிறது. உள்ளே பால்காம்பைக் கவ்வியதும், காம்பு வாய்க்குள் பருத்து அதைக் கழன்று விழாமல் பிடித்துக்கொள்கிறது. ஆறு மாதங்களுக்குப் பின்னரே குட்டி பையிலிருந்து தலை நீட்டி வெளியே வந்து பழகுகிறது; ஏறத்தாழ எட்டாம் மாதத்தில் பையை விட்டு நீங்குகிறது. அதற்குப் பின்னும் பால் குடிக்கத் தலையை மட்டும் உள்ளே விடும். அதே வேளையில் அடுத்த குட்டி உள்ளே வேறொரு காம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். மூத்த குட்டிக்கு ஒருவகைப் பாலும், இளைய குட்டிக்கு வேறுவகைப் பாலும் ஒரே தாயின் இரு காம்புகளில் ஒரே காலத்தில் சுரக்கின்றன!

பையின் அமைப்பும் அந்தந்த உயிரின் தொழிலுக்கு ஏற்றது. மண்ணைத் தோண்டி வளை அமைக்கும் வொம்பாட் என்னும் விலங்குக்குப் பையின் வாய் பின்பக்கம் நோக்கியது. தோண்டும்போது பிள்ளையின் மேல் மண் விழாதிருக்க இந்த ஏற்பாடு. தென்னமெரிக்க ஆறுகளில் நீந்தி இரைதேடும் யாப்போக் என்னும் விலங்கில், தாய் மூழ்கும்போது பையின் வாயை நீர் புகாதவாறு இறுக மூடிக்கொள்கிறது.

விலங்கிடம் கற்ற மருத்துவர்

இனி மனிதனிடம் வருவோம். தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டா. 1978-ஆம் ஆண்டு அங்குள்ள தாய் சேய் மருத்துவமனை ஒன்றில், குறைமாதக் குழந்தைகளை வைக்கும் வெப்பப்பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்த வேண்டிய நிலை. ஒன்றின் தொற்று மற்றொன்றுக்குப் பரவியது. பல குழந்தைகள் இறந்தன. தாய்மார்களோ வெளியே நிறுத்தப்பட்டனர்.

டாக்டர் எட்கர் ரே எளிய வழியொன்றைக் கையாண்டார். குழந்தையைத் தாயின் மார்போடு, தோலும் தோலும் ஒட்டுமாறு நிமிர்த்தி வைத்து, துணியால் கட்டிவிடச் சொன்னார். தாயின் நெஞ்சே வெப்பப்பெட்டி, தாய்ப்பாலே உணவு. மறு ஆண்டில் டாக்டர் எக்டர் மார்ட்டினெசு இப்பணியில் இணைந்தார். பையில் பிள்ளை சுமக்கும் கங்காருவை நினைவூட்டியதால், இம்முறை 'கங்காருத் தாய்மைப் பராமரிப்பு' என்று பெயர் பெற்றது.

இது ஏழை நாட்டின் மாற்று ஏற்பாடு மட்டுமே என்று தொடக்கத்தில் பலர் கருதினர். ஆனால் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து, 2021-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. நம் நாட்டில் புதுடில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை இதில் பங்கு கொண்டது. ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் எடையுள்ள குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்தவுடனேயே தாயின் நெஞ்சில் சேர்த்தனர். வழக்கமான முறையில் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் முதல் 28 நாட்களுக்குள் இறந்தன. உடனே தாயோடு சேர்க்கப்பட்டவர்களில் அது நூற்றுக்கு 12 ஆகக் குறைந்தது. இறப்பு கால்பங்கு குறைந்தது எனலாம். இதையடுத்து 2022-ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம், குறைமாதக் குழந்தைகளுக்கும் 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கும் நாள்தோறும் 8 முதல் 24 மணி நேரம் வரை இப்பராமரிப்பு தேவை என்றும், பிறந்தது முதலே அதைத் தொடங்குக என்றும் பரிந்துரைத்தது. மூச்சுக்கருவியின் துணையின்றி உயிர்வாழ இயலாத, மிகவும் நலிந்த குழந்தைகள் மட்டும் இதற்கு விலக்கு.

உலகில் 2020-ஆம் ஆண்டு ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அவற்றுள் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டவை இந்தியாவில் பிறந்தவை. வேறெந்த நாட்டையும் விட இது அதிகம். எனவே இது எங்கோ ஒரு வீட்டின் செய்தியன்று. உங்கள் தெருவிலும் அத்தகைய பிள்ளை ஒன்று இருக்கக்கூடும்.

எப்படிச் செய்வது?

குறைமாதப் பிள்ளையின் தோல் மெல்லியது. தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. ஆகவே உடற்சூடு விரைவில் வெளியேறிவிடும். மதுரை வெயிலில் குளிர் ஏது என்று எண்ணாதீர்கள். மின்விசிறியின் கீழ் ஈரத்துணியோடு கிடந்தாலே அப்பிள்ளை சில்லிட்டுப் போகும். சூடு குறைந்தால் பால் உறிஞ்சும் வலிமை குறையும், மூச்சும் தளரும்.

குழந்தைக்குக் குல்லாயும், காலுறையும், இடுப்புத்துணியும் மட்டும் அணிவித்து, தாயின் இரு மார்புகளுக்கிடையே நிமிர்த்தி வைக்க வேண்டும். கைகால்கள் தவளை போல மடங்கியிருக்கட்டும். தலையை ஒருபக்கமாகத் திருப்பி, கழுத்து மடங்காமலும் மிக நிமிராமலும் வைத்தால் மூச்சுக்குத் தடையிராது. மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பின்னர் மென்மையான பருத்தித் துணியால் தாயோடு சேர்த்துக் கட்டி, மேலே தளர்ந்த உடை அணியலாம். ஒருமுறை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைப்பது நன்று. தாய் நடக்கலாம், அமரலாம், தலைப்பக்கம் உயர்த்திச் சாய்ந்து உறங்கலாம். நேராக மார்பில் பால் குடிக்க இயலாத பிள்ளைக்குத் தாய்ப்பாலைக் கறந்து பாலாடையால் புகட்டலாம். நம் பாட்டிமார் கையாண்ட அதே பாலாடையை இந்திய மருத்துவர்கள் இன்றும் இதற்குப் பரிந்துரைக்கின்றனர்.

முதலில் இதை மருத்துவமனையில் செவிலியரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். இந்திய அரசு 2014-ஆம் ஆண்டிலேயே இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் தயங்காமல் கேளுங்கள். எடை 2.5 கிலோவை எட்டும்வரை, அல்லது பிள்ளை தானே நெளிந்து வெளியேற முனையும்வரை, வீட்டிலும் இதைத் தொடரலாம்.

நம் இல்லங்களின் தயக்கங்கள்

"பொது வார்டில் மார்பு திறந்து அமர்வதா? நம் பெண்களுக்கு ஹயா இல்லையா?" என்று சில பெரியோர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால் பிள்ளையைக் கட்டியபின் மேலே துப்பட்டியோ முன்புறம் திறக்கும் தளர்ந்த அங்கியோ போர்த்தினால், பிள்ளையின் முகமன்றி வேறெதுவும் வெளியே தெரியாது. திரை கட்டித் தருமாறு செவிலியரிடமும் கேட்கலாம். பேறுகால நாற்பதில் தொழுகை இல்லாததால் பிள்ளையைத் தொடுவதும் சுமப்பதும் ஆகாது என்று எவரேனும் கூறினால், அதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள்.

தாய் அறுவைச் சிகிச்சையின் வலியில் கிடக்கும்போது யார் சுமப்பது? அத்தா சுமக்கலாம், நன்னியும் சுமக்கலாம். உடல்நலமும் தூய்மையும் உள்ள எவரும் முறை மாற்றிச் செய்யலாம். சட்டையைக் கழற்றிப் பிள்ளையை நெஞ்சில் சேர்த்துப் போர்வை போர்த்திக்கொள்வது ஓர் ஆண்மகனுக்கு இழுக்காகுமா? நெஞ்சில் கிடக்கும் பிள்ளையின் காதில் மெல்லிய குரலில் பாங்கு சொல்லும் பேறு அந்தத் தந்தைக்கே கிட்டும்.

வேறு சில வழக்கங்களையும் இப்பிள்ளைகளுக்காகச் சற்றே நிறுத்தி வைக்க வேண்டும். பிறந்ததும் தேன் தொட்டு வைப்பது கூடாது. ஒரு வயது நிறையாத எந்தப் பிள்ளைக்கும் தேன் ஆகாது. பேரீச்சம்பழத்தை மென்று தடவும் நபிவழியை நிறைவேற்ற விரும்புவோர், குறைமாதப் பிள்ளையாயின் மருத்துவரின் அனுமதி பெற்றே செய்யட்டும். தாய்க்கும் சேய்க்கும் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம், முதிராத நுரையீரலுக்குக் கேடு. ஏழாம் நாளில் தலைமுடி இறக்கி அகீகா கொடுக்க இயலாவிட்டால், 14-ஆம் நாளிலோ 21-ஆம் நாளிலோ கொடுக்கலாம் என மார்க்க அறிஞர்கள் கூறியுள்ளனர். பிள்ளை பார்க்க வரும் சொந்தபந்தங்கள் சில வாரங்கள் பொறுத்திருப்பதே அன்பு. வந்தே தீருவோர், சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே அருகில் செல்லட்டும்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். பிள்ளையைச் சுமக்கும் தாயிடம் அடுப்பையும் துணி துவைப்பதையும் ஒப்படைத்தால், எட்டு மணி நேரம் எங்கிருந்து வரும்? மாமியாரும் நாத்தனாரும் வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்வதே அப்பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்து.

பிள்ளையின் பாதம் சில்லிட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு மிக விரைந்தாலோ, நெஞ்சு உள்ளிழுத்தாலோ, வலிப்பு கண்டாலோ, உள்ளங்கையும் பாதமும் மஞ்சளித்தாலோ, ஓதிப் பார்க்கலாம் என்று நேரம் கடத்தாதீர்கள். ஓதிக்கொண்டே 108 வண்டியை அழையுங்கள். நெஞ்சோடு கட்டியவாறே பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டு சேருங்கள்.

அருளின் ஒரு பங்கு

அல்லாஹ் தன் அருளை நூறு பங்காக்கி, அதில் ஒன்றை மட்டும் பூமிக்கு இறக்கினான் என்றும், படைப்பினங்கள் ஒன்றன்மேல் ஒன்று இரக்கம் காட்டுவது அந்த ஒரு பங்கினால்தான் என்றும், குட்டியின்மேல் குளம்பு பட்டுவிடாமல் விலங்கு காலைத் தூக்கிக்கொள்வதும் அதனால்தான் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். கருப்பையைக் குறிக்கும் 'ரஹிம்' என்ற அரபுச் சொல்லும், அர்ரஹ்மான் என்னும் இறைத் திருநாமமும் ஒரே வேரில் பிறந்தவை. சிலந்தியின் பட்டுப்பையும், மீனின் வாயும், கடற்குதிரைத் தந்தையின் வயிறும், கங்காருவின் மடியும் அந்த ஒரு பங்கு அருளின் வெவ்வேறு வடிவங்களே.

சிலந்திக்கும் வௌவாலுக்கும் இதை யாரும் கற்பிக்கவில்லை. அவற்றின் இயல்பிலேயே இறைவன் வைத்துவிட்டான். மனிதனுக்கோ அறிவைத் தந்து, தேர்ந்துகொள்ளும் பொறுப்பையும் தந்தான். கருப்பையில் இருக்க வேண்டிய காலம் நிறையுமுன் பிறந்துவிட்ட ஒரு பிள்ளைக்கு, எஞ்சிய நாட்களைத் தன் நெஞ்சில் தருவதற்குப் பெற்றோருக்குச் செலவாவது ஒரு முழத் துணியும் சிறிது பொறுமையுமே. உங்கள் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ எடை குறைந்த பிள்ளை பிறந்ததாகக் கேள்விப்பட்டால், பழமும் பிஸ்கட்டும் வாங்கிச் செல்வதோடு இச்செய்தியையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

நம் பச்சிளம் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளையும், அவர்களைச் சுமக்கும் கரங்களுக்கு வலிமையையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.